வாக்குறுதியும் நாடும்

இலங்கையின் முதலாவது பெண் சாரணியர் குழு 1917ஆம் ஆண்டிலே கண்டி மகளிர் உயர் பாடசாலையில் அமைக்கப்பட்டது. 1879இல் மெதடிஸ்த மிசனரிமாரால் நிறுவப்பட்ட பாடசாலை அது. ஜெனி கல்வர்லி என்னும் அம்மையார் அங்குப் பயின்ற மாணவியர் சிலரைத் திரட்டித் தொடங்கிய அக்குழுவுக்குப் பின்னரே இவ்வியக்கம் தீவின் ஏனைய பகுதிகளுக்குப் பரவியது. தலைநகராகிய கொழும்புக்குக் கிட்டாத இம்முதன்மை தங்கள் நகருக்குக் கிட்டியதைக் கண்டி மக்கள் பெருமையோடு நினைவுகூர்வர். அக்காலத்துக் கண்டியின் நிலையை மனங்கொண்டு நோக்குமிடத்து, அப்பெருமையோடு வேறு சிலவும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1915 மே மாத இறுதியில், சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே இதே நகரில் மூண்ட கலவரம் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. பிரித்தானிய ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து மிகக் கொடிய முறையில் அதனை அடக்கிற்று. ஐரோப்பாவிலோ முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. பேரரசின்பால் விசுவாசமுள்ள இளந்தலைமுறையொன்று எங்கும் வேண்டப்பட்ட காலம் அது.

பெண் சாரணியருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கைட்' என்ற பெயரும் அப்பேரரசின் எல்லைப்புறத்திலிருந்து வந்ததேயாகும். 1909இல் இலண்டன் கிறிஸ்டல் பலஸ் மண்டபத்தில் நடைபெற்ற சாரணர் பேரணிக்கு அழைப்பின்றியே சில சிறுமியர் வந்து, தாங்களும் சாரணரே என்று கூறி நின்றனர். அவர்களுக்கெனத் தனி இயக்கமொன்று 1910இல் ஏற்படுத்தப்பட்டபோது, அதனை நடத்தும் பொறுப்பு பேடன் பவலின் தங்கை ஆக்னசிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு வேண்டிய பெயரைப் பேடன் பவல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் ஆப்கானியக் கணவாய்களைக் காத்துநின்ற 'கைட்ஸ்' என்னும் படைப்பிரிவிலிருந்து எடுத்துக்கொண்டார். கண்டி வாவிக்கு அண்மையில் வரிசையாக நின்று வாக்குறுதி எடுத்த சிறுமியர் தாங்கள் தாங்கிய பெயர் எந்த மலையிலிருந்து இறங்கிவந்தது என்பதை அறிந்திருக்க நியாயமில்லை.

தமிழில் இதற்கு வாய்த்த பெயரோ இன்னும் வியப்புக்குரியது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையைப் படித்தோர் சாரணரை அறிவர். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரை நோக்கிச் செல்லும் வழியில் எதிர்ப்படும் சமணத் துறவியர் அவர்கள். ஓரிடத்தில் தங்காது திரிந்து அறம் உரைப்பவர்கள். இதே சொல்லுக்கு ஒற்றர் என்னும் பொருளையும் அகராதிகள் தருகின்றன. துறவியும் ஒற்றனும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது தமிழின் விநோதங்களுள் ஒன்று எனலாம். சாரணியத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இவ்விரு பொருளும் வேண்டும்.

ஒற்றன் என்ற பொருளே முதலில் வந்தது. ரொபேட் பேடன் பவல் ஒரு படைவீரர். இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் பிரித்தானியப் படைகளில் பணியாற்றியவர். பகைப்புலத்துள் நுழைந்து வேவு பார்த்தல் பற்றிப் படைவீரருக்கென ஒரு கைந்நூலை 1899இல் வெளியிட்டவர். அவ்வாண்டு ஒக்டோபரில் தென்னாபிரிக்காவின் மபெகிங் நகரை போவர்கள் முற்றுகையிட்டபோது 217 நாள்கள் அந்நகரைக் காத்துநின்றமையால் அவர் இங்கிலாந்தில் பெரும் வீரராகப் போற்றப்பட்டார். அம்முற்றுகையின்போது நகரத்துச் சிறுவர்கள் செய்தி கொண்டுசெல்லும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். போவர் யுத்தத்துக்கு ஆள் திரட்டியபோது பிரித்தானியத் தொழில் நகரங்களின் இளைஞர் பலர் உடல்வலுவற்றோர் எனத் தள்ளப்பட்டமை ஆளும் வர்க்கத்தினரைக் கலங்கவைத்தது. இத்தகைய உடல்களைக் கொண்டு இத்துணைப் பெரிய பேரரசை எங்ஙனம் காப்பது என்ற கவலை பரவியிருந்த வேளையில், 1907 ஓகஸ்டில் பிரவுன்சித் தீவிலே ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு பேடன் பவல் தமது பரீட்சார்த்தப் பாசறையை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒரே கூடாரத்தில் உறங்கினர். மறு ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்தது. நூலை வாசித்த சிறுவர்கள் பெரியோரின் அனுமதிக்குக் காத்திராமல் தாங்களே குழுக்களாகச் சேர்ந்துகொண்டனர் என்பர்.

பேரரசின் கவலையில் பிறந்த இயக்கமாயினும் அது சிறுவரைக் கவர்ந்தது கவலையினால் அன்று. காடும் கயிறும் நெருப்பும் நண்பரும் எந்தச் சிறுவனுக்கும் போதுமானவை. இவ்வியக்கத்தைப் பேரரசின் சூழ்ச்சி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இலங்கைக்குச் சாரணியம் 1912இல் வந்தது. பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்ரீவன்ஸ் என்பார் மாத்தறையில் முதற் குழுவைத் தொடங்கினார். கண்டியில் அது பாடசாலைகளின் வழியே வேரூன்றியது. இங்கு ஒரு செய்தி சிந்தனைக்குரியது. மிசனரிப் பாடசாலைகள் பிரித்தானியச் சாரணியத்தை ஏற்றமையில் வியப்பில்லை. அவற்றுக்கு எதிராகவே பௌத்த பிரமஞான சங்கத்தினரால் 1887இல் தொடங்கப்பட்ட தருமராஜ கல்லூரியும் 1910களிலேயே சாரணர் குழுவொன்றை அமைத்துக்கொண்டது. மிசனரிமாரின் வேதத்தை வேண்டாமென்ற பௌத்தர்கள் அவர்களது காக்கிச் சட்டையை வேண்டாமென்று கூறவில்லை. அடிமைப்பட்ட மக்கள் ஆள்வோரிடமிருந்து எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதைத் தாமே தெரிந்தெடுத்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆயினும் ஓரிடத்தில் அவர்கள் தடுக்கி நிற்க நேர்ந்தது. அவ்விடம் வாக்குறுதியாகும்.

சாரணனாக விரும்பும் சிறுவன் மூன்று விரல்களை உயர்த்தித் தன் மானத்தின்மீது வாக்களிக்க வேண்டும். அணிவகுப்பும் முடிச்சும் பாசறையும் அதன் பின்னரே வரும். பேடன் பவல் வகுத்த மூல வாக்குறுதி கடவுளுக்கும் மன்னருக்கும் கடமையாற்றுவதாகக் கூறியது. இங்கிலாந்துச் சிறுவனுக்கு இவை எளிய சொற்கள். அவன் தேவாலயத்துக் கடவுளும் அரண்மனை மன்னரும் அவனுக்குரியோரே. குடியேற்ற நாட்டுச் சிறுவனுக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு வினாவாக நின்றது.

இந்தியாவில் அவ்வினா தொடக்கத்தில் எழவே இல்லை; ஏனெனில் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமன்றி இந்தியச் சிறுவருக்கு அங்குச் சாரணர் இயக்கத்தின் கதவு திறக்கப்படவில்லை. ஆகவே 1917இல், அதாவது கண்டியில் சிறுமியர் வாக்களித்த அதே ஆண்டில், அன்னி பெசன்ற் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சாரணர் சங்கமொன்றைத் தொடங்கினார். அவருடைய சாரணர் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தனர். மறு ஆண்டில் மதன்மோகன் மாளவியா முதலியோர் வடக்கே சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது பெசன்ற் அம்மையாரின் சங்கம் தாய் இயக்கத்துடன் இணைந்தது. ஆனால் 1937இல் இந்தியரின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் இழிவாகக் கூறிய கருத்துகள் வெளிவந்ததும் பலர் வெளியேறி மறு ஆண்டில் இந்துஸ்தான் சாரணர் சங்கத்தை உருவாக்கினர். பிரிந்தவை ஒன்றுசேர்ந்து பாரத சாரணர் சாரணியர் இயக்கமாக மலர்ந்தது சுதந்திரத்துக்குப் பின்னர், 1950 நவம்பரிலாகும்.

தென்னாபிரிக்காவில் நிலைமை இதனினும் மோசம். கறுப்பினச் சிறுவர் சாரணர் எனத் தம்மை அழைத்துக்கொள்ள அனுமதிக்கப்படவில்லை. 'பாத்பைண்டர்' என்னும் வேறு பெயரில் அவர்களுக்கு வேறு அமைப்பு இருந்தது. 1936இல் பெயர் கிடைத்தும், வெள்ளையர், கறுப்பர், இந்தியர், கலப்பினத்தார் என நான்கு பிரிவுகளாகவே இயக்கம் நடந்தது. 1977 வரை அவை ஒன்றாகவில்லை. ஒவ்வொரு சாரணனும் மற்றெல்லாச் சாரணருக்கும் சகோதரன் என்று கூறும் நான்காம் விதி இவ்வளவு காலமும் அந்நான்கு பிரிவினராலும் ஒப்புவிக்கப்பட்டே வந்தது. கானாவின் தலைவர் குவாமே நுக்ருமா வேறு வழியை நாடினார். 1960இல் 'இளம் முன்னோடிகள்' என்னும் தேசிய அமைப்பை அரசே தொடங்கியது. 1966இல் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது அவ்வமைப்பும் மறைந்தது. சாரணர் இயக்கம் எஞ்சிநின்றது. அரசனுக்கு வாக்களிக்கும் சிறுவன் பிழைத்தான், கட்சித் தலைவருக்கு வாக்களித்தவன் பிழைக்கவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். உண்மை யாதெனின், சாரணியத்தில் சிறுவர்கள் தேடியது அரசனை அன்று.

இலங்கையில் பெரும் போராட்டமோ பிளவோ நிகழவில்லை. இங்குச் சொற்கள் மட்டும் மெல்ல மாறின. இன்றைய இலங்கைச் சாரணன் கடவுளுக்கு என்று கூறுவதில்லை. தன் சமயத்துக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுவதாகவே வாக்களிக்கின்றான். படைத்தற் கடவுளை ஏற்காத பௌத்தர் பெரும்பான்மையினராக வாழும் நாட்டில் 'கடவுள்' என்ற சொல் 'சமயம்' என மாறியது சிறிய மாற்றம்போல் தோன்றும். ஆனால் பௌத்தச் சிறுவன் பொய்யின்றியும், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவச் சிறுவர் குறையின்றியும் ஒருங்கே சொல்லக்கூடிய ஒரு சொல்லைக் கண்டெடுத்தமை இந்நாட்டின் பொதுவாழ்வில் அரிதாக நிகழ்ந்த நல்ல காரியங்களுள் ஒன்று. அரசியல் யாப்பை ஆக்கியோர்க்கு வாய்க்காத நாசூக்கு சாரண ஆசிரியர்களுக்கு வாய்த்திருந்தது. மன்னரும் அவ்வாறே போனார். 1972இல் நாடு குடியரசானபின் இராணிச் சாரணர் விருது ஜனாதிபதிச் சாரணர் விருதாயிற்று.

ஏனைய மாற்றங்களும் இவ்வகையின. ஆங்கில நாட்டுக் கதைகளில் வரும் குறும்புத் தேவதையின் பெயரால் 'பிரவுனி' என அழைக்கப்பட்ட சின்னஞ்சிறுமியர் இலங்கையில் சிறு தோழியர் ஆயினர். இந்தியாவில் அவர்கள் புல்புல் பறவைகள். பேடன் பவலின் நூலிலிருந்து வந்த 'கிம்' விளையாட்டு இன்றும் பாசறைகளில் ஆடப்படுகின்றது. தட்டொன்றில் இருபது, முப்பது பொருள்களை வைத்து ஒரு நிமிடம் காட்டித் துணியால் மூடிவிடுவர். நினைவிலிருந்து எழுத வேண்டும். கிப்ளிங்கின் புதினத்தில் லாகூர்ச் சிறுவனொருவன் பிரித்தானியரின் ஒற்றனாகப் பயிற்றப்படும் முறையிலிருந்து தோன்றிய விளையாட்டு இது. கண்டியில் அத்தட்டில் பாக்குவெட்டியும் தேங்காய்ச் சிரட்டையும் கிடக்கும்போது அதன் பூர்வீகம் எவர் கண்ணிலும் படுவதில்லை. உலகப் பெண் சாரணியர் தமக்கென உலகின் பல பாகங்களில் அமைத்துள்ள நிலையங்களுள் ஒன்று 1966இல் புனேயில் திறக்கப்பட்டது. அதன் பெயர் 'சங்கம்' என்பதைத் தமிழ்ச் சங்கத்தார் அறிந்தால் மகிழ்வர். அவர்கள் கருதியது மதுரைச் சங்கத்தை அன்று, கூடுதல் என்னும் பொருளையே எனினும்.

சமயம் என்ற சொல் இவ்வாறு தீர்ந்தது. எஞ்சியது நாடு.

கண்டியைச் சூழ்ந்துள்ள மலைகள் தேயிலை மலைகள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதன்முதலாகத் தேயிலையை வணிகப்பயிராக நட்ட லூல்கந்துரைத் தோட்டம் நகரிலிருந்து தொலைவில் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையிலும் தேயிலையே விளைந்தது. அம்மலைகளின் லயங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோர் ஆயினர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டோருட் பெருந்தொகையினர் சிறுவர். அவர்களுட் சிலர் சாரணராகவும் இருந்தனர்.

சிலர் என்பதை அழுத்திக் கூறுதல் வேண்டும். தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஓரிரு ஆசிரியர்களோடு ஐந்தாம் வகுப்புக்கு மேல் செல்லாதவை. 1970களின் நடுப்பகுதி தொடங்கியே அரசாங்கம் படிப்படியாக அவற்றைப் பொறுப்பேற்றது. சாரணனாகும் வயது பதினொன்று. அந்த வயதில் தோட்டத்துப் பிள்ளை கல்வியை விட்டுக் கொழுந்து மலைக்குப் போய்விடும். ஆகவே இயக்கம் எவரையும் வேண்டாமென்று சொல்லாமலே அப்பிள்ளைகள் அதற்கு வெளியே நின்றனர். தென்னாபிரிக்காவில் சட்டமும் பெயரும் கொண்டு செய்ததை இங்கு வகுப்பறையின் எண்ணிக்கை சத்தமின்றிச் செய்துமுடித்தது. எவ்வாறோ நகரப் பாடசாலைக்கு வந்துசேர்ந்த ஒரு சிலரே காக்கி உடை அணிந்தனர்.

கண்டி நகரத்துத் தமிழ்மொழிப் பாடசாலையொன்றில் நீண்டகாலம் சாரண ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அவர்களுள் ஒரு மாணவனைப் பற்றிக் கூறுவார். புலமைப்பரிசில் பெற்று நகருக்கு வந்தவன். தோட்டத்திலிருந்து நாள்தோறும் நான்கு மைல் நடப்பவன். அவனது சீருடையைத் தோட்டத்துத் தையற்காரர் பழைய காற்சட்டையொன்றை வெட்டித் தைத்துக்கொடுத்திருந்தார். முடிச்சுகள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை; விறகும் கொழுந்துக் கூடையும் கட்டிப் பழகிய கை. அவனிருந்த அணிக்குப் புலி என்று பெயர். (பத்தாண்டுகள் கழித்து அவ்வணியின் பெயரை மயில் என மாற்றினார்கள். ஏன் மாற்றுகிறோம் என்று எவரும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை.) 1975இல் அவன் வாக்குறுதி எடுத்தான். சமயத்துக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுவதாக மூன்று விரலை உயர்த்திக் கூறினான். அந்நாளில் சட்டத்தின் கண்ணில் அவனுக்கு நாடு எதுவும் இல்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். பையனுக்கும் தெரிந்திருக்கும் என்றே அவர் எண்ணுகின்றார்.

இரண்டாண்டுகள் செல்லுமுன் அவன் தந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அதன் பின்னால் நாட்டைவிட்டு வெளியேறுமாறு கூறும் அறிவித்தலும் வந்தது. கண்டிப் புகையிரத நிலையத்தில் அத்தகைய குடும்பங்கள் தகரப் பெட்டிகளோடும் அம்மிக்கல்லோடும் தலைமன்னார் வண்டிக்குக் காத்திருந்தமை அக்காலத்தில் வழமையான காட்சி. வழியனுப்ப வந்தோர் ஒப்பாரி வைத்து அழுவர். அன்று புலி அணியினர் எழுவரும் சீருடையில் சென்றிருந்தனர். எவ்வாறு விடைகொடுப்பது என்று அறியாத சிறுவர் தாங்கள் அறிந்த ஒன்றைச் செய்தனர். வரிசையில் நின்று வணக்கஞ்செய்து, ஒவ்வொருவராக இடக்கையை நீட்டிக் குலுக்கினர். சாரணர் இடக்கை குலுக்குவது அசாந்தி நாட்டு வீரரிடமிருந்து பேடன் பவல் கற்றது என்பர். கேடயத்தைத் தாங்கும் கையை நீட்டுதல் நம்பிக்கையின் அடையாளமாம். அச்சிறுவன் கழுத்துப்பட்டியைக் கழற்றி ஆசிரியரிடம் நீட்டினான்.

"சேர், நான் குடுத்த வாக்கு அங்க போனா செல்லுமா?" என்று கேட்டான்.

"அதை நீயே வச்சிரு" என்றார் ஆசிரியர். கழுத்துப்பட்டியைக் குறித்தே அவர் அவ்வாறு சொன்னார். வினாவுக்கு விடை அன்றும் அவரிடம் இருக்கவில்லை.

ஓராண்டின்பின் கோத்தகிரியிலிருந்து அவனது கடிதம் வந்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கெனத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் உள்ளன. மீண்டும் தேயிலை, மீண்டும் லயம். பாடசாலையில் சாரணர் இயக்கம் இருக்கின்றது என்றும், புதிதாக வந்தவன் ஆகையால் மறுபடியும் வாக்குறுதி எடுக்கச் சொன்னார்கள் என்றும், தான் எடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தான். ஒரு வேறுபாட்டையும் குறித்திருந்தான்: இங்கே சமயம் என்று சொல்வதில்லை, கடவுள் என்று சொல்கிறார்கள். அடுத்த சொல்லைப் பற்றி அவன் ஒன்றும் எழுதவில்லை. அதுவும் இரு நாட்டிலும் ஒரே சொல்தான்.

இக்கதையைக் கேட்போர் சிலர் சாரணியத்தின் போலித்தனத்துக்கு இது சான்று என்பர். நாடற்றவனிடம் நாட்டுக்கு வாக்குக் கேட்பது போலித்தனமே. ஆனால் போலித்தனம் எங்கே இருந்தது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். அவனுக்குச் சீருடையும் அணியும் பெயரும் கொடுத்து, மற்ற எழுவருக்கும் சமமாக நிறுத்திய அமைப்பு அக்காலத்தில் அந்நாட்டில் வேறெதுவும் இருக்கவில்லை. வாக்குறுதி பொய்யானதன் பழி வாக்குறுதியைச் சாராது. அவன் சொல்லை ஏற்றுக்கொள்ள மறுத்த நாட்டையே சாரும். தென்னாபிரிக்காவில் இயக்கமே அரசின் நிறவெறிக்குப் பணிந்தது. இங்கு இயக்கம் பணியவுமில்லை, எதிர்த்து ஒரு சொல் சொல்லவுமில்லை. இவ்விரண்டுக்குமிடையிலான தூரம் எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது. குழந்தைகளை நல்லவராக்குவோம், நாட்டை நல்லதாக்குவது நம் வேலையன்று என்று ஒதுங்கிய ஆசிரியர்களின் பணிவு புரிந்துகொள்ளத்தக்கது. பாராட்டத்தக்கது என்று கூற முடியாது.

2003இல் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. இன்று ஹந்தானையிலோ தெல்தோட்டையிலோ ஒரு பிள்ளை நாடு என்று கூறினால் சட்டம் அதனை மறுக்காது. ஆயினும் காலணியும் காலுறையும் கழுத்துப்பட்டியும் சின்னங்களும் சேர்ந்து ஒரு தோட்டத் தொழிலாளியின் பல நாட்கூலியை விழுங்குகின்றன. ஆண்டுதோறும் வரும் சாரணர் வேலை வாரத்தில் மாணவர் வீடுவீடாகச் சென்று முற்றம் கூட்டியும் வாகனம் கழுவியும் பணம் சேர்ப்பர். வீட்டில் வேலை செய்தறியாத நகரப் பிள்ளைக்கு உழைப்பின் அருமையைக் கற்பிப்பதே அதன் நோக்கம். அட்டையைக் கையில் ஏந்தித் துரை பங்களாவின் படியேறும் தோட்டத்துப் பிள்ளையைக் கண்டு, இது எதற்காக வேலை கேட்கின்றது என்று அவ்வீட்டார் குழம்பினால் அவர்களைக் குறைகூற இயலாது.

மொழியோ இன்னொரு சுவர். பாடசாலைகள் மொழிவழி பிரிந்தபின் குழுக்களும் மொழிவழி பிரிந்தன. ஒரே நகரத்தில், ஒரே விதிகளைச் சிங்களத்திலும் தமிழிலும் தனித்தனியே மனனஞ்செய்து வளர்ந்தனர் பிள்ளைகள். 1977இலும் 1983இலும் கண்டியில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2018 மார்ச்சில் திகணையிலும் சூழவும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரித்தோருள் ஒருகாலத்தில் நான்காம் விதியை ஒப்புவித்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க அச்சமாயுள்ளது. எரியும் வீட்டிலிருந்து அயலவரை மறைத்துக் காத்தோருள் எத்தனை பேர் அவ்வாறு ஒப்புவித்தவர் என்பதையும் எவரும் எண்ணியதில்லை. போர் முடிந்தபின் 2016இல் தேசிய ஜம்போரி யாழ்ப்பாணத்தில் நடைபெற்றபோது தெற்கிலிருந்து சென்ற சிறுவர் பலருக்கு அதுவே வடக்கின் முதற் காட்சி.

கண்டியில் அதற்கென ஜம்போரி தேவையில்லை. எசல மாதத்துப் பெரஹரா ஆண்டுதோறும் வருகின்றது. யானைகளும் நடனக்காரரும் செல்லும் வீதியோரத்தில் சாரணரும் சாரணியரும் தண்ணீரோடும் முதலுதவிப் பெட்டியோடும் மாலை முதல் நள்ளிரவு தாண்டும்வரை நிற்பர். கூட்டத்தில் வழிதவறும் குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்ப்பதும் அவர்கள் பணிகளுள் ஒன்று. மலைத்தோட்டங்களிலிருந்து லொறியிலும் பேருந்திலும் வந்திறங்கும் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழிலேயே அழும். அழும் பிள்ளையிடம் பெயரைக் கேட்டறிய முடியாத சிங்களச் சாரணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, அடுத்த மூலையில் நிற்கும் தமிழ்ப் பாடசாலைச் சாரணனைக் கையைப் பிடித்து இழுத்து வருவான். பிள்ளையின் பெயரும் தோட்டத்தின் பெயரும் தெரிந்ததும் ஒலிபெருக்கியில் இரு மொழியிலும் அறிவிப்பார்கள். தாய் வந்து சேரும்வரை அவ்விருவரும் பிள்ளையை நடுவில் இருத்தி, ஆளுக்கொரு பக்கமாக நின்று யானைகளைக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.